புல்மோட்டை மணலில் இரண்டு இரத்தினக் கனியங்கள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சென்றால் புல்மோட்டை. அரிசிமலைக் கடற்கரைக்கும் கொக்கிளாய்க் களப்புக்கும் இடையே கிடக்கும் அதன் கருமணல், உலகில் அறியப்பட்ட கனிய மணல் படிவுகளில் மிகச் செறிவானவற்றுள் ஒன்று. வாடைக்காலத்துக் கடல் இலேசான மணிகளை இழுத்துச் சென்று கனமானவற்றைக் கரையில் விட்டுவைக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் புடைப்பில் எஞ்சும் கருமணலில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். அதனால் ஊராரும் அரசும் இதைப் பற்றிப் பேசும்போது இல்மனைட்டையே பேசுகிறார்கள். 1957இல் இதற்கென அமைக்கப்பட்ட அரச கூட்டுத்தாபனமும், அதன் வழிவந்த லங்கா கனிய மணல் நிறுவனமும் அந்தப் பேச்சின் மையத்திலேயே இருந்து வந்திருக்கின்றன. ஆனால் அதே மணலில் சிர்க்கோன் 8 முதல் 10 சதவீதமும் ரூட்டைல் 8 சதவீதமளவிலும் உள்ளன. இவை இரண்டும் இரத்தினவியல் நூல்களில் இடம்பெறும் கனியங்கள். நிறமற்ற சிர்க்கோன் தென்னிலங்கையின் மாத்தறைப் பெயரைத் தாங்கி ‘மாத்தறை வைரம்’ என்று விற்கப்பட்டதுண்டு. ரூட்டைலோ, ஒளியை வளைக்கும் திறனில் வைரத்தையே முந்துவது. அப்படியிருந்தும் மோதிரத்தில் ஏறியது சிர்க்கோன், ரூட்டைல் ஏறவில்லை. இந்த முரணுக்கான விடையை நகைக்கடையில் தேடுவதைவிட, புல்மோட்டை ஆலையில் இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் தேடுவது பயன்தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒன்றை இரத்தினமாக்கிய காரணமும் அவ்விரண்டையும் ஆலையில் வேறு பிரிக்கும் காரணமும் ஒரே வேரிலிருந்து வருபவை.

முதலில் ஒற்றுமைகள். இரண்டும் நாற்கோணப் பளிங்குத் தொகுதியைச் சேர்ந்தவை. ரூட்டைல் தைத்தேனியத்தின் ஒட்சைட்டு. அதில் ஒவ்வொரு தைத்தேனிய அணுவையும் ஆறு ஒட்சிசன் அணுக்கள் சூழ, அந்த எண்முகிகள் விளிம்போடு விளிம்பு பொருந்திச் சங்கிலிகளாகப் பளிங்கின் நெட்டச்சின் வழியே ஓடுகின்றன. சிர்க்கோன் சிர்க்கோனியத்தின் சிலிக்கேற்று. அதிலும் நெட்டச்சின் வழியே சங்கிலிகள் உண்டு, ஆனால் சிர்க்கோனியக் கூடும் சிலிக்கன் கூடும் மாறி மாறி வருகின்றன. இரண்டிலும் ஒளி இரண்டாகப் பிரிந்து செல்கிறது. இரண்டிலும் நெட்டச்சுக்கு இணையாக அதிரும் கதிரே அதிகம் தாமதிக்கிறது. மேற்பரப்பின் மினுக்கம் இரண்டிலும் வைரத்தை ஒத்தது. இரத்தின ஆய்வுகூடங்களில் சாதாரணமாகப் பயன்படும் ஒளிமுறிவுமானி 1.81க்கு மேல் வாசிக்காது என்பதால், இவ்விரு கற்களில் எதை வைத்தாலும் அதன் அளவுகோலில் நிழல் விழுவதில்லை. வேதியியல் வரலாற்றிலும் இவை ஒரே கையில் பட்டவை. பேர்லினில் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரொத் 1789இல் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோனைப் பகுத்துச் சிர்க்கோனியத்தின் ஒட்சைட்டை இனங்கண்டார். 1795இல் ஹங்கேரியிலிருந்து கிடைத்த ரூட்டைலைப் பகுத்து அதிலிருந்த உலோகத்துக்குத் தைத்தேனியம் என்று பெயரிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வில்லியம் கிரெகர் ஓர் ஓடைக் கருமணலில் அதே மூலகத்தைக் கண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கருமணல் வேறொன்றுமில்லை, இல்மனைட்தான்.

இனி எண்கள். சேதமுறாத சிர்க்கோனின் ஒளிமுறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.925 முதல் 1.984 வரை, இரு கதிர்களுக்கும் இடையிலான வேறுபாடான இரட்டைமுறிவு 0.059. ரூட்டைலில் சுட்டி 2.61 முதல் 2.90 வரை, இரட்டைமுறிவு 0.287. இரட்டைமுறிவுக்குப் பேர்போன கல்சைற்றிலேயே அது 0.172தான். நிறப்பிரிக்கையில் இடைவெளி இன்னும் பெரிது: சிர்க்கோனுக்கு 0.039, வைரத்துக்கு 0.044, ரூட்டைலுக்கு 0.28 முதல் 0.33 வரை. மேற்பரப்பில் நேராக விழும் ஒளியில் எவ்வளவு தெறித்துத் திரும்பும் என்பதைச் சுட்டியிலிருந்தே கணக்கிடலாம். சிர்க்கோனில் அது ஏறக்குறைய 10 சதவீதம், வைரத்தில் 17, ரூட்டைலில் 21. கல்லுக்குள் புகுந்த ஒளி முழு அகத்தெறிப்புக்கு உள்ளாகும் அவதிக் கோணம் சிர்க்கோனில் 31 பாகை, ரூட்டைலில் 22 பாகையை ஒட்டியது. கோணம் சிறுக்கச் சிறுக்க உட்புகுந்த ஒளி அடிப்புறத்தால் தப்பிப்போவது குறையும். இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் வெல்வது ரூட்டைல். பௌதிகப் பண்புகளில் நிலைமை திரும்புகிறது: மோ அளவுத்திட்டத்தில் சிர்க்கோனின் வன்மை 7.5, ரூட்டைலினது 6 முதல் 6.5. நம் வீடுகளின் தூசியில் கலந்திருக்கும் குவாட்ஸின் வன்மை 7 என்பதால், நாளாந்தப் பாவனையில் கீறல் விழுவது ரூட்டைலுக்கே. அடர்த்தி சிர்க்கோனில் 4.6 முதல் 4.7 வரை, ரூட்டைலில் 4.2 முதல் 4.3 வரை. சிர்க்கோன் வன்மையானது என்றாலும் நொறுங்கும் இயல்புடையது. ஒரே தாளில் பல சிர்க்கோன்களைச் சேர்த்துப் பொதிந்தால் அவற்றின் விளிம்புகள் ஒன்றையொன்று உரசிச் சிதைந்துவிடும். தனித்தனியே சுற்றிவைக்கும் வழக்கம் வந்தது அதனால்தான்.

இந்த எண்களைத் தனித்தனித் தகவல்களாகப் படித்தால் அவை ஓர் அட்டவணையைத் தாண்டுவதில்லை. ஒன்றுடன் ஒன்று கோத்துப் பார்த்தால், அவற்றில் முக்கியமானவை ஒரு கேள்வியைச் சுற்றியே திரள்கின்றன: பளிங்கு தன் இலத்திரன்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது? ஒரு பளிங்கில் பிணைப்பில் கட்டுண்ட இலத்திரன் விடுபட்டு உலவத் தேவையான ஆகக்குறைந்த சக்தியைச் சக்தி இடைவெளி என்பர். ரூட்டைலில் அது 3 இலத்திரன்வோல்ற்று. இது 413 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதா ஒளியின் சக்திக்குச் சமம். அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் விளிம்பிலேயே ரூட்டைல் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. சிர்க்கோனின் இடைவெளி ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ஊதாவைக் கடந்து வெகுதூரம் சென்ற பின்னரே அது ஒளியைக் கட்டமைப்பளவில் விழுங்கும். எந்தப் பொருளிலும் ஒளி, உறிஞ்சல் எல்லையை நெருங்க நெருங்க அதன் முறிவுச் சுட்டி செங்குத்தாக ஏறும். இரத்தினவியலாளர் நிறப்பிரிக்கையை அளக்கப் பயன்படுத்தும் இரு அலைநீளங்கள் 686.7 நனோமீற்றரும் 430.8 நனோமீற்றரும். இரண்டாவது, ரூட்டைலின் எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது. சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே அதன் சுட்டி அவ்வளவு விலகுவதற்கு, வைரத்தின் ஏழு மடங்கு நெருப்பை அது கக்குவதற்கு, வேறு மாயம் தேவையில்லை. அதே நெருக்கத்தின் மறுவிளைவும் உண்டு. ஊதாவை விழுங்கும் கல் முற்றிலும் நிறமற்றதாக இருக்க முடியாது. எவ்வளவு தூய்மையான ரூட்டைலிலும் இளமஞ்சள் ஏறியே இருக்கும்.

இப்போது ஆலைக்கு வருவோம். கருமணல் முதலில் நீரில் சுழல்சரிவுகளில் விடப்பட்டு எடைவாரியாகப் பிரிகிறது. பிறகு காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்கிறது. சிர்க்கோனையும் ரூட்டைலையும் காந்தம் சீண்டுவதில்லை. எடையும் உதவாது, 4.2க்கும் 4.6க்கும் உள்ள வித்தியாசம், மணிகளின் பருமனிலும் வடிவிலும் உள்ள வேறுபாடுகளில் கரைந்துவிடும். இங்கே கைகொடுப்பது நிலைமின் பிரிப்பு. சூடாக்கி உலர்த்திய மணல், புவித்தொடுப்புள்ள ஒரு சுழல் உருளைமீது மெல்லிய படையாக விழுகிறது. உயர்வோல்ற்றளவில் மின்னிறக்கம் அதன்மீது ஏற்றத்தைப் பொழிகிறது. ரூட்டைல் மணி தனக்குக் கிடைத்த ஏற்றத்தைக் கணத்தில் உருளைக்குக் கடத்திவிட்டுத் தெறித்துப் போகிறது. சிர்க்கோனால் அதை இறக்க முடிவதில்லை. உருளையோடு ஒட்டிக்கொண்டே சுற்றி, மறுபுறம் தூரிகையால் துடைத்து வீழ்த்தப்படும்வரை விடாது. மின்னைக் கடத்துதல் என்பது விடுபட்ட இலத்திரன்களின் வேலை. ஆகவே அந்த உருளை கேட்கும் கேள்வியும் முன்னர் ஒளி கேட்ட அதே கேள்விதான்.

துறை அறிந்த ஒருவர் இந்த இடத்தில் மறிப்பார். 3 இலத்திரன்வோல்ற்று என்பது அறை வெப்பநிலையில் எந்த இலத்திரனாலும் தாண்ட முடியாத உயரம். தூய ரூட்டைல் கிட்டத்தட்ட ஒரு காவலி. ஆலையில் அது கடத்துவதற்குக் காரணம் மாசுகளும் ஒட்சிசன் குறைபாடும்தானே என்பார். உண்மை. ஆனால் அந்தக் குறைபாடு ஏன் ரூட்டைலில் மட்டும் கடத்தலாக மாறுகிறது என்று தொடர்ந்து கேட்க வேண்டும். ஓர் ஒட்சிசன் அணு வெளியேறினால் அது விட்டுச்செல்லும் இலத்திரனை ஏற்கத் தைத்தேனியம் ஆயத்தமாக இருக்கிறது. நான்கு ஏற்றமுள்ள அயன் மூன்று ஏற்றத்துக்கு இறங்குவது அதற்கு எளிது. சிர்க்கோனியம் அப்படி இறங்க மறுக்கிறது. இடைவெளி குறுகியிருப்பதற்கும் குறைபாடு கடத்தலாவதற்கும் காரணம் தைத்தேனியத்தின் இந்த இளகிய தன்மையே. இதற்குக் கண்கண்ட சான்றும் உண்டு. செயற்கை ரூட்டைலைச் சுவாலை உலையில் வளர்த்தெடுக்கும்போது பளிங்கு வெளியே வருவது கருநீல நிறத்தில், ஒளி புகாததாக. அதை மீண்டும் ஒட்சிசனில் சூடாக்கினால் இழந்த ஒட்சிசன் உள்ளே ஏறி, கருமை நீங்கி, வெளிர்மஞ்சளாகத் தெளிகிறது. மின்கடத்தலும் அதனுடன் வீழ்கிறது. ஒளியும் மின்னும் கைகோத்து மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இன்னொரு மறுப்பு வைரத்தின் பெயரால் வரும். வைரத்தின் சக்தி இடைவெளி 5.5 இலத்திரன்வோல்ற்று; அது நல்ல காவலி; ஆயினும் சுட்டி 2.417. இறுக்கமாகப் பிடித்தும் ஒளியை அவ்வளவு வளைக்கிறதே? இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: முறிவுச் சுட்டிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று இலத்திரன்கள் எவ்வளவு இளகியவை என்பது. மற்றது ஒரு கன சென்ரிமீற்றரில் ஒளிக்கு அசையும் பிணைப்பு இலத்திரன்கள் எத்தனை என்பது. சாதாரண நிலையில் நாமறிந்த திண்மங்களில் அணுக்கள் மிக நெருக்கமாக அடைந்திருப்பது வைரத்தில்தான். அதன் சுட்டியின் பெரும்பகுதி இரண்டாவது ஊற்றிலிருந்து வருவது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவிதான் நிறப்பிரிக்கை. சுட்டி 2.4ஐ எட்டியும் வைரத்தின் பிரிக்கை 0.044இல் நின்றுவிடுகிறது, சிர்க்கோனைவிடச் சற்றே அதிகம். அதன் உறிஞ்சல் எல்லை தொலைவில் இருக்கிறது என்பதையே இது சொல்கிறது. மாத்தறைச் சிர்க்கோனை வைரமென்று விற்க முடிந்ததன் இரகசியமும் இதில் இருக்கிறது: சுட்டியில் பின்தங்கினாலும் நெருப்பில் அது வைரத்தின் பக்கத்துக் கல். காட்டிக்கொடுப்பது இரட்டைமுறிவு. பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லையால் மேல்முகத்தினூடாகப் பார்த்தால் பின்புற விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் அது நடக்கவே நடக்காது.

இவ்வளவும் சரி, ரூட்டைல் நகையாகாததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது என்றும் வாதிடலாம். இயற்கையில் தெளிவான பெரிய ரூட்டைல் அரிது. இரும்பும் பிற மாசுகளும் ஏறிச் செங்கறுப்பாகக் கிடப்பதே வழமை. புல்மோட்டையிலும் மணிகள் பெரும்பாலும் கால் மில்லிமீற்றருக்கும் சிறியவை, பட்டை தீட்ட இடமேயில்லை. இந்த வாதத்தை மேசையில் வைத்துத் தீர்க்க முடியாது. நல்வாய்ப்பாக, சந்தையே அதைச் சோதித்துப் பார்த்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் நஷனல் லெட் நிறுவனம் பெரிய, தெளிவான செயற்கை ரூட்டைலை வளர்த்தது. ‘டைட்டேனியா’ என்ற பெயரில் அது வைரத்துக்கு மாற்றாக விற்பனைக்கு வந்தது. பருமனும் தெளிவும் கிடைத்தாயிற்று. ஆனாலும் அது நிலைக்கவில்லை. இளமஞ்சள் போகவில்லை. நெருப்பு அளவுக்கு மிஞ்சியதால் கல் வானவில்லாகச் சிதறியதே தவிர வெள்ளொளியாக மின்னவில்லை. இரட்டைமுறிவு விளிம்புகளை இரட்டித்ததில் கல்லின் உட்புறம் மங்கலாகத் தெரிந்தது. வன்மைக் குறைவால் முகங்கள் விரைவில் தேய்ந்தன. இவற்றில் முதல் இரண்டும் இளகிய இலத்திரனின் நேரடி விளைவுகள். மூன்றாவதில் சங்கிலிக் கட்டமைப்புக்கும் பங்குண்டு. தேய்மானத்தை மட்டும் இந்த விளக்கத்துக்குள் இழுத்து வருவது வலிந்து பொருள்கொள்வதாகிவிடும். வன்மையைத் தீர்மானிப்பது பிணைப்புகளின் வலிமையும் அவை அடுக்கப்பட்ட விதமும், வேறு கணக்கு.

சிர்க்கோனைப் பற்றி இதுவரை ஒரே எண்ணைச் சொல்லி வந்ததும் கேள்விக்குரியதே. இலங்கைச் சிர்க்கோன்களில் சில, சுட்டி 1.78 முதல் 1.81 வரையும் இரட்டைமுறிவு கிட்டத்தட்டப் பூச்சியமுமாக, பச்சை நிறத்தில் இருக்கின்றன. ஒரே கனியத்துக்கு இரண்டு ஒளியியல் இருக்குமானால் பண்புகளை ஒப்பிடுவதில் என்ன பொருள்? இதற்கு விடை சிர்க்கோனுக்குள் ஒளிந்திருக்கும் யுரேனியம். இலங்கையின் இரத்தினச் சிர்க்கோன்கள் ஏறக்குறைய 56 கோடி ஆண்டு வயதுடையவை. அவற்றில் சிலவற்றை உலகின் ஆய்வுகூடங்கள் பாறைகளின் வயதை அளக்கும் நியமக் கற்களாகவே வைத்திருக்கின்றன. அவ்வளவு காலமும் யுரேனியமும் தோரியமும் சிதைந்து தள்ளிய அணுக்கருக்கள் பளிங்கின் ஒழுங்கைச் சிறுகச் சிறுகக் குலைத்தன. யுரேனியம் மிகுந்த கல்லில் ஒழுங்கே எஞ்சவில்லை. இந்த யுரேனியம் ஒருமுறை அறிவியலையே ஏமாற்றியது: சிர்க்கோனின் ஒளிநிறமாலையில் விழும் கருங்கோடுகளைக் கண்ட ஹென்றி கிளிஃபர்ட் சோர்பி 1869இல் ‘ஜார்கோனியம்’ என்ற புதிய மூலகத்தையே அறிவித்தார். பின்னர் அவரே அவை யுரேனியத்தின் கோடுகள் என்று திருத்திக்கொண்டார். 1955இல் ஹொலண்டும் கொட்ஃப்ரீடும் இலங்கைச் சிர்க்கோன்களை வரிசையாக எடுத்து, கதிர்வீச்சு கூடக்கூட அடர்த்தி 4.7இலிருந்து 3.96 வரை இறங்குவதைக் காட்டினர். வேதிச் சேர்க்கை மாறாமல் அடர்த்தி மட்டும் இவ்வாறு குறைந்தால் முறிவுச் சுட்டி எவ்வளவு இறங்க வேண்டும் என்று லோரென்ஸ்-லோரென்ட்ஸ் சமன்பாட்டில் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.75 வருகிறது. அளந்தறிந்த 1.78 அதற்கு மிக அருகில். ஆக, சேதமுற்ற சிர்க்கோன் மேலே சொன்ன இரண்டு ஊற்றுக் கணக்கை உடைக்கவில்லை. இரண்டாவது ஊற்றை, ஓரலகுக் கனவளவிலுள்ள இலத்திரன் தொகையை, இயற்கை தானே குறைத்துக் காட்டிய பரிசோதனை அது. சங்கிலிகளின் ஒழுங்கு குலைந்ததும் இரட்டைமுறிவு மறைந்துவிட்டதும் அதே கதையின் தொடர்ச்சி.

மணலாக விற்கப்படும் கனியத்தில் இரத்தின ஒளியியல் பேசுவது வீண் என்று நினைப்பவர்கள், அந்த மணல் எதற்காக வாங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெள்ளைப் பூச்சுமையின் உயிர். பிசினின் சுட்டி 1.5 அளவில் இருக்க, அதில் மிதக்கும் ரூட்டைல் துகளின் சுட்டி 2.7, அந்த ஏற்றத்தாழ்வில் ஒளி சிதறித் திரும்புவதால்தான் ஒரு பூச்சிலேயே சுவர் மறைகிறது. துகளின் பருமனில் இளமஞ்சள் கண்ணுக்கு எட்டுவதில்லை, கல்லில் குறையாக இருந்தது இங்கே குறையாவதில்லை. குளியலறை ஓடுகளின் வெண்மையோ சிர்க்கோன் மாவினால் வருவது; கண்ணாடிப் பூச்சின் 1.5க்கும் அதன் 1.95க்கும் இடைப்பட்ட வேறுபாடே அதற்குப் போதும். இரத்தினபுரிக்காரருக்கு இது புதிய செய்தியல்ல. நீலக்கல்லின் சுட்டி 1.76, அதற்குள் ஊசிகளாகப் பரந்திருக்கும் ரூட்டைல் ஒளியைச் சிதறடிப்பதையே அவர்கள் பட்டு என்கிறார்கள், அந்த ஊசிகள் முத்திசைகளில் ஒழுங்காகக் கிடந்தால் கல்லில் நட்சத்திரம் எழும். பால்போல் மங்கிய கெவுடாக் கல்லை மிக உயர்ந்த வெப்பத்தில் சுடும்போது அந்த ரூட்டைல் கரைந்து, அதன் தைத்தேனியம் இரும்போடு சேர்ந்து நீலத்தைத் தருகிறது. அதே நீலக்கல்லுக்குள் சிர்க்கோன் மணி இருந்தால், கதிர்வீச்சில் வீங்கிய அதைச் சுற்றி விரிசல் வளையம் ஒன்று காணப்படும். கல் இலங்கையினது என்று ஆய்வாளர் ஊகிக்க உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

மேலே வைத்த விளக்கம் சரியென்றால் அது ஒரு முன்கூற்றையும் தாங்க வேண்டும். ரூட்டைலைவிட இறுக்கமாக இலத்திரனைப் பிடித்து, சிர்க்கோனைவிட நெருக்கமாக அடைந்து, எத்திசையிலும் ஒரே சுட்டியுள்ள பளிங்கு கிடைத்தால், வைரத்தின் இடத்துக்கு மிக அருகில் அதுவே நிற்க வேண்டும். 1950களில் டைட்டேனியாவை ஓரங்கட்டிய ஸ்ரொன்சியம் தைத்தனேற்று பாதி வழிதான் வந்தது: உறிஞ்சல் எல்லை சற்றே ஊதாவைக் கடந்ததால் மஞ்சள் போயிற்று, கனசதுரப் பளிங்கு ஆனதால் இரட்டைமுறிவும் போயிற்று, ஆனால் நிறப்பிரிக்கை 0.19, வன்மை 6ஐத் தாண்டவில்லை. 1970களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த கனசதுரச் சிர்க்கோனியா மீதி வழியையும் கடந்தது. சுட்டி 2.15 முதல் 2.18 வரை, நிறப்பிரிக்கை 0.060, வன்மை 8க்கு மேல், நிறமில்லை, இரட்டைமுறிவில்லை. கொழும்புச் செட்டியார் தெருவிலும் திருகோணமலைக் கடைவீதியிலும் ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று விற்கப்படும் கல் அதுதான். அது சிர்க்கோனியம் ஒட்சைட்டு, பளிங்கு கனசதுரமாகவே நிற்பதற்காகச் சிறிதளவு யித்திரியமோ கல்சியமோ கலந்தது. அந்த ஒட்சைட்டைப் பெற உலகம் பெரும்பாலும் நம்பியிருப்பது கடற்கரைச் சிர்க்கோன் மணலை.